டிராக்டரில் 1000 வாட் செட்... பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குவது ஏன்? பெரம்பலூர், அரியலூர் சாலைகளில் பாட்டும் சட்டமும்

இரவு 11 மணி. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் உள்ள சர்க்கரை ஆலையை நோக்கி கரும்பு லோடு டிராக்டர்கள் ஊர்ந்து போகும் அரவைப் பருவம். டிராக்டர் கண்ணில் படுவதற்கு முன்பே அதில் ஓடும் பாட்டு காதில் விழுந்துவிடும். கிட்டே வந்ததும் இன்னொன்றையும் கவனிக்கலாம். பேஸ் 'தொம்'மென்று இறங்கும் ஒவ்வொரு முறையும் ஹெட்லைட் லேசாக மங்கி மறுபடி பிரகாசமாகும். பாட்டுக்கு லைட் தாளம் போடுகிற மாதிரி இருக்கும். சிலர் இதையே ரீல்ஸ் எடுத்துப் போடுகிறார்கள்.

பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மங்கல் ஒரு எச்சரிக்கை.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டர் டயர், உதிரிபாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆனது. புது வண்டி ஷோரூமை விட்டு வந்ததும் பூஜை முடித்து அடுத்து நிற்கும் இடம், பல ஊர்களில் ஆடியோ கடைதான். மட்கார்டு மேல் இரண்டு பெட்டி, டாப்பில் நான்கு ஸ்பீக்கர், சீட்டுக்குப் பின்னால் ஆம்ப், கலர் லைட். "அண்ணே, பேஸ் கொஞ்சம் தூக்கலா வேணும்" என்று சொல்லி முடிப்பதற்குள் பில் ஏறிவிடும்.

இது தப்பா? வண்டியைப் பிடிப்பார்களா? தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் வருமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாட்டு இல்லாமல் ஓட்ட முடியாதா?

இந்தக் கேள்வியை டிரைவரிடம் கேட்டால் சிரிப்பார். வெட்டு உத்தரவு வந்து, கரும்பு வெட்டி, லோடு ஏற்றி, ஆலை வாசலில் வரிசையில் நின்று, எடை போட்டு இறக்கிவிட்டு வருவதற்குள் ஒரு ராத்திரி போய்விடும். சில நாள் மறுநாள் மதியமும் ஆகும். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. தூக்கம் கண்ணைச் சொக்கும். அந்த நேரத்தில் பாட்டு ஆடம்பரம் அல்ல, துணை. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைக்குப் போகும் டிப்பர் லாரி டிரைவருக்கும் இதே கதைதான்.

ஆக, பாட்டு கேட்பதில் பிரச்சினை இல்லை. எவ்வளவு வாட், எந்த ஒயர், எந்தப் பக்கம் பார்த்த ஸ்பீக்கர் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

லைட் ஏன் மங்குகிறது?

வண்டி ஓடும்போது மின்சாரம் தருவது பேட்டரி அல்ல, ஆல்டர்னேட்டர். பேட்டரி இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும், திடீர்த் தேவையைச் சமாளிக்கவும் இருக்கிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் 12 வோல்ட் அமைப்பு. ஆல்டர்னேட்டர் சுமார் 40 ஆம்பியர் தரும். அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போது. ஐடிலில் நின்றால் பாதிதான் தேறும்.

இந்த 40 ஆம்பியரில் முதல் பங்கு லைட்டுக்கு. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர், பின்பக்க வேலை லைட், டிரெய்லரின் சிவப்பு விளக்குகள், இண்டிகேட்டர் எல்லாம் கூட்டினால் 15 ஆம்பியர். பேட்டரியும் கொஞ்சம் சார்ஜ் ஆக வேண்டும். மிச்சம் 20 ஆம்பியர் என்று வையுங்கள். 13.5 வோல்ட்டில் இது 270 வாட். இப்போது வரும் 'கிளாஸ் டி' வகை ஆம்ப் வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை ஒலியாக்கும் வேலைக்குக் கொடுக்கும். அப்படிப் பார்த்தால் ஒரு சாதாரண டிராக்டர் தாராளமாகத் தாங்கக்கூடியது 200 வாட் செட்.

1000 வாட் ஆம்ப் முழு மூச்சில் ஓடினால்? 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய 'கிளாஸ் ஏபி' வகை என்றால் 130-ஐயும் தாண்டும். பாட்டு முழுக்க இதே அளவு இழுக்காது, உண்மைதான். சராசரி இதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் பேஸ் விழும் அந்த நொடியில் முழுசாகக் கேட்கும். ஆல்டர்னேட்டரால் முடியாது, பேட்டரியும் திணறும், வோல்ட்டேஜ் சரியும். லைட் மங்குவது அதனால்தான்.

முன்னால் ஹெட்லைட் மங்குவது டிரைவர் கண்ணுக்குத் தெரியும். பின்னால், கரும்புக் கட்டுகளுக்குக் கீழே மாட்டியிருக்கும் டிரெய்லரின் சிவப்பு விளக்கும் அதே நேரத்தில் மங்குகிறது. அது யார் கண்ணுக்கும் தெரியாது, பின்னால் பைக்கில் வருபவரைத் தவிர. டிரெய்லருக்குப் போகும் நீளமான, மெல்லிய ஒயரில் ஏற்கெனவே வோல்ட்டேஜ் குறைந்துதான் போய்ச் சேரும். இருட்டில் நிற்கும் கரும்பு டிரெய்லர் மீது பைக் மோதி உயிரிழப்பு என்ற செய்தி ஒவ்வொரு பருவத்திலும் தமிழ்நாட்டில் எங்காவது வந்துகொண்டேதான் இருக்கிறது.

பெட்டியில் '1000 வாட்' என்று போட்டிருக்கிறதே?

பெரும்பாலும் அது ஒரு நொடி உச்சத்தைச் சொல்லும் எண். தொடர்ந்து தரக்கூடிய சக்தி 'ஆர்எம்எஸ்' என்று சிறிய எழுத்தில் இருக்கும், சில பெட்டிகளில் அதுவும் இருக்காது. கடையில் கேட்க வேண்டிய எண் ஆர்எம்எஸ் மட்டும்தான்.

இன்னொரு விஷயத்தைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு வாட் வேண்டும். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 90 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர், 10 வாட்டில் 100, 100 வாட்டில் 110 டெசிபல் தந்துவிடும். காதுக்கு ஒரு மீட்டரில் ஸ்பீக்கர் இருக்கும்போது 50 வாட்டே அதிகம். மிச்ச வாட்டெல்லாம் அடுத்த ஊருக்குத்தான் போய்ச் சேர்கிறது.

தீ எங்கிருந்து வருகிறது?

ஆம்ப் வெடித்துத் தீப்பிடிக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் தீ ஒயரில் தொடங்கும். பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் பிளஸ் ஒயர் எங்காவது சேஸிஸ் இரும்பில் உரசி, மேல் உறை கிழிந்து ஷார்ட் ஆனால், ஒரு டிராக்டர் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நேரத்தில் கொட்டும். சில விநாடிகளில் ஒயர் பழுக்கக் காய்ந்துவிடும். டிராக்டரில் அதிர்வு அதிகம், சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது, பின்னால் காய்ந்த சோகையோடு கரும்பு. இதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

இதைத் தடுப்பது ஒரு ஃபியூஸ். ஆனால் அது இருக்கும் இடம் முக்கியம். பேட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் ஃபியூஸ் போட்டுவிட்டு "ஃபியூஸ் இருக்கு தம்பி" என்று சொன்னால், அது ஆம்பைக் காப்பாற்றும். நடுவில் ஓடும் ஒயரைக் காப்பாற்றாது. அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று கம்பியை முறுக்கிப் போடும் பழக்கம் வேறு இருக்கிறது. அதைச் செய்கிறவருக்கு வண்டி மேல் அக்கறை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒயர் விஷயத்திலும் ஏமாற்று உண்டு. தடிமனாக, பளபளப்பாக, விலை குறைவாக வருபவற்றில் பல, செம்பு பூசிய அலுமினியம். அசல் செம்பின் அளவுக்கு மின்சாரத்தை அது சூடாகாமல் கடத்தாது. நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் சுமார் 15 ஆம்பியர் வரைக்கும்தான். 50 ஆம்பியர் இழுக்கும் ஆம்புக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தேவை. விலை கேட்டால் கொஞ்சம் கசக்கும்.

லாரி, பஸ்ஸில் இன்னொரு தப்பு நடக்கிறது. அவற்றில் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். கார் செட்டை மாட்ட, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை 'டேப்' செய்வது சுலபமான வழி. செட் பாடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் வடியும், சார்ஜ் ஏறும்போது மற்றது அளவுக்கு மீறி வாங்கும். கடைசியில் இரண்டும் சீக்கிரம் கெடும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் தனியாகக் கிடைக்கிறது. நல்ல பேட்டரி விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பஸ் என்றதும் 2025 அக்டோபர் நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த மாதம் 14-ம் தேதி ராஜஸ்தானின் ஜெய்சால்மர் அருகே தனியார் பஸ் தீப்பிடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏசி இல்லாத பஸ்ஸை ஏசி பஸ்ஸாக மாற்றியிருந்தது விசாரணையில் முக்கிய விஷயமானது. அங்கே பிரச்சினை ஸ்பீக்கர் அல்ல. ஆனால் ஆலையிலிருந்து வந்த ஒயரிங்கில் பிறகு ஒருவர் கைவைக்கும்போது, யார் கணக்குப் போட்டார்கள் என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது.

கார் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று: செட் மாற்றும்போது ஒயரை வெட்டாமல், அந்த மாடலுக்கான சாக்கெட் கப்ளரைக் கேட்டு வாங்கி மாட்டச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டிய ஒயரைக் காட்டி வாரண்டியை மறுப்பது சுலபம். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதை எலக்ட்ரீசியன் தொடவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கேரளாவிலிருந்து போன வழக்கு. வண்டியைத் தயாரித்த நிறுவனம் தந்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். அன்றிலிருந்து 'மாடிஃபிகேஷன் எல்லாமே தப்பு' என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. அது முழு உண்மை அல்ல.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுப்பது, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி செய்யும் மாற்றங்களை. இன்ஜின், சேஸிஸ், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, பாடி வகை, நிறம் போன்றவை அதில் வரும். செட்டும் ஸ்பீக்கரும் ஆர்சியில் இல்லை. ஆகவே காரில் பழைய செட்டைக் கழற்றிப் புதுசு மாட்டுவது மட்டுமே குற்றமாகாது. ஆனால் ஊஃபர் பெட்டிக்கு இடம் வேண்டும் என்று பின் சீட்டைக் கழற்றினால் இருக்கை எண்ணிக்கை மாறுகிறது. டிராக்டர் அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டும் ஸ்டாண்ட் வெல்டிங் செய்தால் அது வேறு சிக்கல். அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மாட்டுவது குற்றமில்லை, சரி. ஒலிக்க விடுவது? இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். சாலைப் பாதுகாப்பு, ஒலி மாசு விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால் 190(2) பிரிவு: முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, கூடவே 3 மாதம் லைசென்ஸ் பறிபோகலாம். வண்டி ஓட்டினால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்பவருக்கு அபராதத்தைவிட அந்த 3 மாதம்தான் பெரிய அடி.

அடுத்து, 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் 50, 40. இரவு நேரத்தில், மூடிய அரங்கம் போன்ற இடங்களைத் தவிர, ஒலிபெருக்கியோ ஆம்ப்ளிஃபயரோ பயன்படுத்தக் கூடாது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் பாட்டு கேட்பதும், திறந்த டிராக்டரில் பெட்டி வைத்து ஊருக்குள் போவதும் ஒன்றல்ல என்பது இதிலிருந்தே புரியும்.

ஒரு சின்னக் கணக்கு. ஸ்பீக்கரிலிருந்து 1 மீட்டரில் 110 டெசிபல் என்றால், திறந்த வெளியில் 10 மீட்டரில் 90, 100 மீட்டரில் 70 டெசிபல் இருக்கும். நூறு மீட்டர் தள்ளிப் படுத்திருக்கும் கைக்குழந்தைக்கும், காலையில் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்கும் இரவு வரம்பைவிட 25 டெசிபல் கூடுதல். சட்டத்தின் அளவு சராசரிக் கணக்கு என்பதால், ஒரு வண்டி ஒரு நிமிடத்தில் கடந்து போய்விட்டால் வழக்கு நிற்காமல் போகலாம். ஆலைக்குப் போகும் வழியில் இருக்கும் ஊரில் ஒரு ராத்திரியில் ஒரு வண்டியா போகிறது?

புகார் செய்ய நினைப்பவர்கள் 112-க்கு அழைக்கலாம். இந்த விதிகளின் கீழ் நடவடிக்கை எடுக்க மாவட்ட ஆட்சியருக்கும், டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரிக்கும் அதிகாரம் உண்டு.

கேரளாவில் என்ன நடந்தது?

2022 அக்டோபர் 5-ம் தேதி இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் பள்ளி மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலா பஸ் அரசு பஸ் மீது மோதி 9 பேர் இறந்தார்கள். அதிவேகம்தான் முதல் காரணமாகப் பேசப்பட்டது. ஆனாலும் கேரள உயர் நீதிமன்றம் சுற்றுலா பஸ்களின் கலர் லைட், அதிரடி ஒலி அமைப்பு பக்கமும் திரும்பியது. மோட்டார் வாகனத் துறை பஸ் பஸ்ஸாக ஏறிச் சோதனை போட்டது. பல ஆண்டுகளாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த விஷயம், ஒரே ராத்திரியில் குற்றப் பட்டியலுக்குப் போனது. இங்கேயும் ஏர் ஹாரன் பறிமுதல் அப்படித்தான் அலை அலையாக நடக்கிறது. சோதனை இருக்கும் வாரம் ஹாரன் கழலும், அடுத்த மாதம் மறுபடி ஏறும்.

உயரம் இன்னொரு ஆபத்து. 2024 ஆகஸ்டில் பீகார் மாநிலம் ஹாஜிபூரில் யாத்திரைக்குப் போன டிஜே வண்டி உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 9 பேர் இறந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோயில் திருவிழா, காதுகுத்து ஊர்வலத்துக்கு டிராக்டர் டிரெய்லரில் பெட்டிகளை அடுக்கும்போது, அதன் உச்சியையும் தெருக் கம்பியின் தாழ்வையும் யாராவது ஒருவர் முன்னால் நடந்து பார்த்தே ஆக வேண்டும்.

டிரைவரின் காது

கேபின் இல்லாத டிராக்டரில் இன்ஜின் சத்தமே 90 டெசிபலைத் தொடும். அதற்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமானால் 100 வரை போக வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவுப்படி, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். விடிய விடிய இந்தச் சத்தத்தில் இருப்பவருக்கு முதலில் போவது உயர்ந்த ஒலிகள். 'ச', 'த' போன்ற எழுத்துகள் கேட்காது. வீட்டில் கூப்பிட்டால் "என்னா?" என்று இரண்டு முறை கேட்பார். போன காது திரும்பாது. அதற்கு இழப்பீடும் யாரும் தர மாட்டார்கள்.

உடனடி ஆபத்து வேறு. செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கச் சாலைகளில் பின்னால் வரும் டிப்பரின் ஹாரன் கேட்காது. முந்துவதற்கு வழி கேட்டுக்கேட்டு அலுத்துப்போன லாரி, வளைவில் ஏறும்.

இன்சூரன்ஸ் வருமா?

பல டிராக்டர்களுக்கு வெறும் தர்ட் பார்ட்டி பாலிசி மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஒயர் தீயில் வண்டி எரிந்தால் உரிமையாளருக்கு ஒரு ரூபாய்கூட வராது. டிராக்டர் போகும், கடன் தவணை மட்டும் போகாது. முழுக் காப்பீடு இருந்தாலும், கம்பெனி விலையில் சேராத மின் சாதனங்களைத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். வழக்கமான கூடுதல் பிரீமியம் சாதன மதிப்பில் 4 சதவீதம். 20,000 ரூபாய் செட்டுக்கு 800 ரூபாய். சொல்லாமல் மாட்டினால் செட்டுக்குப் பணம் கிடையாது. அந்த ஒயரிங்கால்தான் தீ என்று சர்வேயர் எழுதிவிட்டால் வண்டிக்கான கிளெய்முக்கும் அலைச்சல். செட் வாங்கிய பில், மாட்டிய கடையின் ரசீது இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

ஏற்கெனவே செட் மாட்டியிருந்தால்

இன்ஜினை அணைத்துவிட்டு ஆலை வரிசையில் பாட்டு கேட்பவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைக்கலாம். சராசரியாக 12 ஆம்பியர் இழுக்கும் செட், 75 ஆம்பியர்-அவர் பேட்டரியை 3 மணி நேரத்தில் பாதியாக்கிவிடும். அதற்குப் பிறகு ஸ்டார்ட் ஆவது அதிர்ஷ்டம். லோடோடு நிற்கும் டிராக்டரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண ஊரையே கூட்டினாலும் முடியாது.

சோதித்துப் பார்க்க மெக்கானிக் வேண்டாம், 300 ரூபாய் மல்டிமீட்டர் போதும். இருட்டிய பிறகு டிரெய்லரை மாட்டி, இன்ஜினை வழக்கமான வேகத்தில் ஓடவிட்டு, எல்லா லைட்டையும் போட்டு, நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவில் பாட்டை வையுங்கள். பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செட் பெரிசு. சவுண்டைக் குறைக்க வேண்டும், அல்லது ஒரு ஆம்பைக் கழற்ற வேண்டும். பத்து நிமிடம் கழித்து ஆம்ப் ஒயரைக் கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஒயர் சிறிசு. பிறகு ஒருவரை டிராக்டரில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் ஐம்பது அடி பின்னால் நடந்து போய் நின்று, பேஸ் விழும்போது அந்தச் சிவப்பு விளக்கு எப்படி எரிகிறது என்று பாருங்கள்.